வன்னியின் இருப்புப்பாதை: திறந்ததும் அடைத்ததும்

ஒரு பாதையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அது எந்த ஆண்டில், எந்தத் தேசாதிபதியின் ஆட்சியில் திறக்கப்பட்டது என்பதைச் சொல்லி அமைவதே வழக்கமாக இருக்கின்றது. ஆனால் வவுனியாவில் தொடங்கிக் காட்டினூடே வடக்கு நோக்கிச் சென்று, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்னும் நிலையங்களைத் தொட்டு, ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து செல்லும் வன்னியின் இருப்புப்பாதை, ஒரே ஒரு முறை திறக்கப்பட்ட பாதையன்று. ஒவ்வொரு வண்டிக்காகவும் அது திறக்கப்பட்டது. ஒவ்வொரு வண்டியும் கடந்தபின் அடைக்கப்பட்டது. அந்தத் திறப்பும் அடைப்பும் எந்த நியமத்தின்படி நடந்தன, அந்த நியமம் கைவிடப்பட்ட காலத்தில் என்ன நேர்ந்தது, பாதை மீண்டு வந்தபோது நியமமும் பூரணமாக மீண்டதா என்பனவே இப்பாதையின் உண்மைச் சரித்திரம் என்று நான் கருதுகின்றேன்.

யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இருப்புப்பாதையால் இணைக்கவேண்டுமென்ற கோரிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுந்துவிட்டதாயினும், குடிசனம் அருகிய வன்னிக்காடு இடையிலே கிடந்தமையால், செலவுக்கு ஈடான வருவாய் கிடைக்குமோ என்ற சந்தேகம் அரசாங்கத்தாரைப் பல்லாண்டு தயங்கச் செய்தது. சேர் வெஸ்ற் றிட்ஜ்வே தேசாதிபதியாயிருந்த காலத்தில் அந்தத் தயக்கம் நீங்கி வேலை தொடங்கியது. பாதை தெற்கிலிருந்து மட்டும் வளர்ந்து வரவில்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கி, அவ்வாண்டிலேயே பளைவரை நீண்டது. தெற்கிலே 1904இல் பாதை அனுராதபுரத்தை எட்டியது. ஆக, குடாநாட்டுப் பாதை மூன்றாண்டுக் காலம் நாட்டின் ஏனைய பாதைகளோடு ஒட்டும் உறவுமின்றித் தனித்தே ஓடிற்று. இரு துண்டுகளுக்கும் நடுவே வன்னி கிடந்தது. இரணைமடுக் குளத்தின் நிர்மாண வேலை தொடங்கிய அதே காலத்தில், காட்டை வெட்டியும் மேட்டைச் சீவியும் பள்ளத்தை நிரப்பியும் அந்த இடைவெளி மூடப்பட்டு, 1905 ஓகஸ்ட் முதலாந் தேதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்வண்டி ஓடிற்று.

இடப்பட்டது ஒற்றைப்பாதை. வடக்கே போகும் வண்டிக்கும் தெற்கே வரும் வண்டிக்கும் தண்டவாளம் ஒன்றே. நிலையங்களில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகும். அங்கேதான் ஒரு வண்டி ஒதுங்கி நிற்க மற்றொன்று கடந்துபோக முடியும். புளியங்குளத்தை விட்டு நீங்கிய வண்டி மாங்குளத்தை அடையும்வரை, பல மைல் தூரக் காட்டிலே அதற்கு ஒதுங்க இடமில்லை. எதிரே மற்றொரு வண்டி வருமாயின் தப்ப வழியுமில்லை. ஆகவே ஒற்றைப்பாதையில் வண்டி ஓட்டுவதென்பது, இயந்திரத்தின் வலிமையைவிட இரு நிலைய அதிபர்களுக்கிடையேயுள்ள உடன்பாட்டின் வலிமையிலேயே தங்கியிருந்தது.

அந்த உடன்பாடு வெறும் வாய்மொழியாகவோ தந்திச் செய்தியாகவோ மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதை உலகம் ஒரு கொடிய விலை கொடுத்துக் கற்றது. 1874 செப்டெம்பர் 10ஆந் தேதி இரவு, இங்கிலாந்தில் நோறிச் நகருக்கு அருகேயுள்ள தோர்ப் என்னுமிடத்தில், பரிசோதகர் கையொப்பமிடுவதற்கு முன்பே தந்தியாளர் ஒருவர் எதிர்வண்டியை அனுப்புமாறு அடுத்த நிலையத்துக்குச் செய்தி கொடுத்துவிட்டார். இந்தப் பக்கத்து வண்டியோ அதற்குள் புறப்பட்டுவிட்டது. செய்தியைத் திரும்பப்பெற முயன்றபோது, மறுபக்கத்து வண்டியும் நிலையத்தை நீங்கிவிட்டதாகப் பதில் வந்தது. இரு வண்டிகளும் நேருக்கு நேர் மோதியதில் 25 பேர் இறந்தனர். இரு வண்டிகளும் ஒன்றையொன்று நோக்கி விரைந்துகொண்டிருக்கின்றன என்பதை அறிந்த பின்னும், தடுக்க எந்தச் சாதனமும் இல்லாமல் அந்த நிலையத்தார் காத்திருந்த நிமிடங்களை எண்ணும்போது நெஞ்சு பதைக்கின்றது. இந்த விபத்தை எண்ணியே எட்வேர்ட் ரையர் என்பவர் ஒரு கருவியை ஆக்கி 1878இல் அதற்கு உரிமம் பெற்றார். இலங்கையின் ஒற்றைப்பாதைகளில் வழங்கிய ‘ரப்லெற்’ முறை இவருடைய கருவியின் வழியே வந்ததாகும்.

கருவியின் தத்துவம் எளிது. ஆனால் அதன் நுட்பம் வியக்கத்தக்கது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். பெட்டிகளினுள்ளே, அவ்விரு நிலையங்களின் பெயரும் பொறித்த உலோக வட்டத்தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். புளியங்குளத்து நிலைய அதிபர் ஒரு வண்டியை மாங்குளத்துக்கு அனுப்பவேண்டுமாயின், முதலில் மணியொலிக் குறியீட்டினால் மாங்குளத்தாரை அழைத்து ‘லைன் கிளியர்’ கேட்பார். மாங்குளத்தார் தம் பாதை வெறுமையாயிருப்பதை உறுதிசெய்துகொண்டு, மறுமணியடித்துத் தம் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும். அவர் அழுத்திப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் மாத்திரமே புளியங்குளத்துப் பெட்டி ஒரு தகட்டை வெளியே விடும். அத்தகடு வெளியே வந்ததும் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அது மீண்டும் ஏதாவதொரு பெட்டியினுள் இடப்படும்வரை, எத்தனை தடவை மணியடித்தாலும், எவ்வளவு பெரிய உத்தியோகத்தர் உத்தரவிட்டாலும், இரண்டாவது தகடு ஒன்று எந்தப் பக்கத்திலும் வெளிவராது.

வெளிவந்த தகட்டைத் தோற்பையிலிட்டு, அந்தப் பையை ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வண்டியின் சாரதியிடம் கொடுப்பார்கள். சாரதி அதை வாங்கிய கையோடு மாட்டிவிட்டுப் புறப்படக்கூடாது. தகட்டை எடுத்து அதில் பொறித்திருக்கும் பெயர்கள் தாம் செல்லவிருக்கும் பாதைக்குரியனவா என்று வாசித்துப் பார்க்கவேண்டும். நில்லாத வண்டியாயின், நிலையத்தை மெதுவாகக் கடக்கும்போதே, வளையத்துள் கையை நுழைத்துப் புதிய தகட்டைப் பற்றிக்கொண்டு பழைய தகட்டை மேடையில் எறிந்து செல்வார்கள். இரவிலே கைவிளக்கின் வெளிச்சத்தில், ஓடும் எஞ்சினின் வெப்பமும் இரைச்சலும் அருகே வர, வளையத்தைக் கையுயர்த்திப் பிடித்து நிற்பது பழகிய கைக்கே இயலும். ஒரு பெரும் எஞ்சினையும் அதன் பின்னே நித்திரையிலிருக்கும் நூற்றுக்கணக்கான பிரயாணிகளையும் உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகடு காத்துச் சென்றது என்றால் அது மிகையன்று.

இம்முறையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த அம்சம், பாதையைத் திறக்கும் அதிகாரம் எந்த ஒரு முனைக்கும் தனித்து இல்லை என்பதே. கொழும்புத் தலைமைக் காரியாலயத்தின் அதிகாரம் நேர அட்டவணையை வகுக்கலாம். ஆனால் காட்டின் நடுவே இருக்கும் ஒரு சிறு நிலையத்தின் அதிபர் பொத்தானை அழுத்தாதவரை வண்டி நகராது. அடைப்பதும் அப்படியே. வண்டி முழுவதும் வந்து சேர்ந்துவிட்டதா, இடையிலே பெட்டி ஏதும் கழன்று நின்றுவிடவில்லையா என்பதை, கடைசிப் பெட்டியின் பின்விளக்கைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்த பின்பே தகட்டைக் கருவிப்பெட்டியிலிட்டுப் பாதை வெறுமை என்று அறிவிக்கலாம். எஞ்சின் வந்தது போதாது, பின்விளக்கு வரவேண்டும். வன்னி நிலையங்களில் உத்தியோகம் பார்த்தோர் மலேரியா மலிந்த நாட்களிலும் மாரி மழையிலும் இந்த நியமத்தைப் பிழையின்றி நடத்தியதற்கு இந்நாடு அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கின்றது. ஆனால் அவர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர்.

பாதையைப் பழுதுபார்க்க வேண்டி அடைப்பதற்கும் தனி ஒழுங்கு இருந்தது. சிலிப்பர் கட்டை மாற்றவோ, வெள்ளம் அரித்த அணையை நிரப்பவோ வேண்டுமாயின், வேலைக்குழுவின் மேற்பார்வையாளர் முதலில் இரு பக்கத்து நிலையங்களுக்கும் அறிவித்து அனுமதி பெறவேண்டும். அனுமதி பெற்ற பின்னும், வேலை நடக்கும் இடத்துக்கு வெகுதூரம் முன்பாக, இரு திசையிலும் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்கவேண்டும். சில்லு ஏறியதும் வெடித்துச் சாரதியை எச்சரிக்கும் வெடிகளைத் தண்டவாளத்தின் மேல் வைக்கவேண்டும். வேலை முடிந்தபின் பாதையைத் திறக்கும் உரிமையும் அந்த மேற்பார்வையாளரின் சொல்லுக்கே உரியது. திறந்ததும் வரும் முதல் வண்டிகளுக்கு முழு வேகம் கிடையாது. புதிதாக இட்ட கல்லும் கட்டையும் பாரத்தை ஏற்று அமரும்வரை அவை மெதுவாகவே அவ்விடத்தைக் கடக்கவேண்டும்.

இந்த ஒழுங்கின் மேலேதான் வன்னியின் புதுவாழ்வு வளர்ந்தது. இரணைமடு நீரை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேறியோரின் நெல்லும், ஆனையிறவு உப்பும், ஐம்பதுகளில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் பண்டங்களும் இப்பாதையை நாடின. இருப்புப்பாதை ஒருபோதும் எட்டாத முல்லைத்தீவுக்கு மாங்குளமே வாயிலாயிற்று. 1956 ஏப்ரில் 23ஆந் தேதி யாழ் தேவி என்னும் வண்டி ஓடத் தொடங்கியபின், கொழும்புக்குப் போய்வருவது வன்னியாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரு பெரிய காரியமாக இல்லாமற் போயிற்று.

உள்நாட்டு யுத்தத்தோடு பின்பு வந்த அடைப்பு எந்த நியமத்தின்படியும் நிகழ்ந்ததன்று. 1985 ஜனவரியில் முறிகண்டிப் பகுதியில் யாழ் தேவி வெடிவைத்துத் தாக்கப்பட்டது. சேவை அறுவதும் தொடர்வதுமாய் இழுபட்டு, 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வடக்கே வண்டி ஓடுவது முற்றாக நின்றது. எந்த மேற்பார்வையாளரும் இரு பக்கத்துக்கும் அறிவித்து அடைத்த பாதையன்று அது. எப்பொழுது திறக்கப்படும் என்று சொல்லக்கூடியவரும் ஒருவர் இல்லை. ஆகவே அடைபட்ட பாதை அடைபட்டபடியே இருக்கவுமில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையும் சுவருமாயின. நிலையக் கட்டடங்கள் குண்டுக்கு இரையாயின. அணைமேட்டைக் காடு விழுங்கிற்று. அதன் இரு மருங்கிலும் மிதிவெடிகள் விதைக்கப்பட்டன. வவுனியா கடைசி நிலையமாயிற்று. யுத்தத்தின் இறுதிக் காலத்தில் பிரயாணிகள் அதற்கும் தெற்கே மதவாச்சியிலேயே இறங்கவேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறை முழுவதும் புகையிரதத்தைக் கண்ணாற் காணாமலே வன்னியில் வளர்ந்தது.

இருப்புப்பாதையை விட்டுச் சற்று விலகி, இக்காலத்தில் தகவல் செல்லும் மற்றொரு பாதையையும் இங்கே சொல்லவேண்டியிருக்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகமோ 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய இடங்களில் கணினி வலையமைப்பைப் பயிலும் பிள்ளைகள், தகவற் பொதிகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் என்னும் சாதனங்களையும், அவை தம்முள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைகளையும் கற்கின்றனர். அவற்றுள் ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறையை எடுத்துக்கொண்டால், வழக்கமான அமைப்பில் அயலிலுள்ள ரவுட்டர்கள் பத்து விநாடிக்கொரு முறை ஒன்றுக்கொன்று முகமன் செய்தி அனுப்பிக்கொள்ளும். கால அளவு முதலிய விஷயங்களில் இரண்டும் ஒத்திருந்தாலன்றி அவை அயலவராக உறவு கொள்ளமாட்டா. நாற்பது விநாடி செய்தி வராவிடின் அயலவர் இறந்துவிட்டதாகக் கொண்டு வேறு வழி தேடும். அந்த இடைவெளியில் அந்த அயலவரை நோக்கிச் செல்லும் பொதிகள் பாழ்வெளியில் விழுந்து அழியும்.

ஆதலின் ஒரு ரவுட்டரைப் பழுதுபார்க்க எண்ணுபவர், அந்த நெறிமுறையைச் சட்டென்று நிறுத்திவிடக்கூடாது. முதலில் தன்னூடாகச் செல்லும் வழியின் செலவை உச்ச அளவான 65535 என்று அது அயலவர்க்கு அறிவிக்கும்படி செய்யவேண்டும். அவர்கள் தாமாகவே போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிக்கொள்வர். பாதை வெறுமையாயிற்று என்று கண்டபின்பே நெறிமுறையை நிறுத்தலாம். திறக்கும்போதும், உறவு பூரணமாக அமைந்து வழிகள் யாவும் கற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே செலவைக் குறைத்துப் போக்குவரத்தை அழைக்கவேண்டும். இந்த உபாயம் 2001இல் எழுத்தில் வகுத்து வெளியிடப்பட்டது. ஆனால் அறிவித்தல், வெறுமையாக்கல், உறுதிசெய்தல், மெல்லத் திறத்தல் என்னும் இதே கிரமத்தைப் புளியங்குளத்தாரும் மாங்குளத்தாரும் மணியொலியாலும் தகட்டாலும் நடத்தியிருந்தனர். கிரமம் தப்பினால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு 2021 ஒக்டோபர் 4ஆந் தேதி சாட்சி. பேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பில் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு நிலையங்களை இணைத்த பிணைப்புகள் யாவற்றையும் ஒரே வேளையில் அறுத்துவிட, ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகெங்கும் அச்சேவைகள் மறைந்தன. தவறான கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவியும் பிழைபட்டிருந்தது. திறக்கவேண்டிய பொறியியலாளர் தூரத்திலிருந்து சாதனங்களை அணுகவும் முடியாமல், நேரே சென்று கட்டடத்துள் நுழையவும் தாமதப்பட்டு நின்றனர். அடைக்கும் முன்னே, திறக்கும் வழியைக் கையில் வைத்திராமையின் பலன் இது.

வன்னிப் பாதைக்கு மீண்டும் வருவோம். அதன் மறுதிறப்பு, அடைபட்ட விதத்துக்கு மாறாகப் படிப்படியாகவே நடந்தது. 2009 யூனில் வண்டி தாண்டிக்குளத்தை எட்டிற்று. 2011 மே மாதத்தில் ஓமந்தையை எட்டிற்று. அதற்கப்பால் இருந்தது பாதையன்று, பாதையின் தடம் மட்டுமே. மிதிவெடி அகற்றுவோர் முன்னே செல்ல, இந்தியாவின் கடனுதவியோடு இர்கோன் நிறுவனத்தார் அணைமேட்டைப் புதுக்கி, பாலங்களைக் கட்டி, மரக்கட்டைக்குப் பதிலாகக் கொங்கிறீற்றுக் கட்டையிட்டு, 2013 செப்டெம்பர் 14ஆந் தேதி கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆந் தேதி யாழ்ப்பாணத்துக்கும் வண்டி ஓடச் செய்தனர். 1902இல் வடக்கேயும் தெற்கேயும் இரு துண்டாய் நின்ற பாதை வன்னியில் ஒன்றுகூடியது போலவே, இம்முறையும் வடக்குக்கும் தெற்குக்கும் இடையேயான இணைப்பு வன்னியூடாகவே செல்லவேண்டியிருந்தது. கைகாட்டிக்கும் தகட்டுக்கும் பதிலாக நிறவிளக்குச் சமிக்ஞைகள் வந்தன. தண்டவாளத்தில் வண்டி நிற்கின்றதா என்பதை இப்பொழுது மின்சாதனங்களே கண்டறிகின்றன.

முறைப்படி அடைப்பது எப்படி என்பதையும் வன்னியார் அண்மையிற் கண்டனர். அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடைப்பட்ட பழைய பாதையைப் புதுப்பிக்க வேண்டி, 2023 ஜனவரி 5ஆந் தேதிமுதல் அது மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, மூடப்பட்டது, அவ்வாண்டு யூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. பிரயாணிகள் அந்த மாதங்களில் பஸ்களில் நெருக்குண்டு சிரமப்பட்டனர் என்பது மெய். ஆயினும் திறக்கப்படும் என்ற நம்பிக்கையோடு காத்திருப்பது வேறு, 1990இல் நேர்ந்தது வேறு.

இவ்வளவும் சொன்னபின், இன்னும் தீராத ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் இடந்தரவில்லை. பாதை திறந்ததைச் சாரதிகளுக்கும் நிலைய அதிபர்களுக்கும் அறிவித்தால் மட்டும் போதாது. அதன் ஓரத்தில் வாழ்வோருக்கும் அது திறந்துவிட்டது என்பது உடம்பிலே ஊறவேண்டும். குளத்துத் துருசைத் திறக்குமுன் வாய்க்காலின் கடைவயல் வரை ஆளனுப்பி, வாய்க்காலுக்குள் மாடும் மனிதரும் இல்லையென்று பார்த்துக்கொள்ளும் வழக்கமுடைய கமக்காரரின் நாடு இது. ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் வண்டி ஓடாத தடத்தின் குறுக்கே ஒழுங்கைகள் உண்டாகிவிட்டன. வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகும் வழிகள் அதைக் கடந்தன. வண்டியின் ஓசைக்குச் செவிகொடுத்து நிற்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. பழைய எஞ்சின் தொலைவிலேயே தன் வருகையைப் பறையறைந்தது. புதுப்பாதையில் வரும் வண்டியோ வேகமும் மிகுந்தது, ஓசையும் குறைந்தது. பாதுகாப்பற்ற கடவைகளில் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கரவண்டியிலும் காரிலும் சென்றோர் வண்டியில் மோதுண்டு இறந்த செய்திகள் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மீண்டும் மீண்டும் வந்தன. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கூட்டங்கூட்டமாய் அடிபட்டன.

இக்கடவைகள் பலவற்றில் காவலுக்கு நிறுத்தப்பட்டோர் புகையிரதத் திணைக்களத்தின் நிரந்தர உத்தியோகத்தர் அல்லர். பொலிஸ் திணைக்களத்தின் கீழ் நாளொன்றுக்கு 250 ரூபா படியில் அமர்த்தப்பட்டிருந்தவர்கள். நிரந்தர நியமனமும் நியாயமான வேதனமும் கேட்டு அவர்கள் பல தடவை பணியைப் புறக்கணித்துப் போராடினார்கள். நிலைய அதிபரின் பொத்தானுக்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ, அவ்வளவு பொறுப்பு கடவைக் காப்பாளர் இழுத்து மூடும் படலைக்கும் உண்டு. இரண்டும் ஒரே பாதையைத் திறந்து அடைக்கும் காரியமே. ஆனால் ஒன்று விதிப்புத்தகத்துள் இடம்பெற்ற உத்தியோகம். மற்றையது நாட்கூலியிலும் குறைந்த படிக்குச் செய்யும் ஊழியம். கடவைக் காப்பாளருக்கு அருகிலுள்ள நிலையத்தோடு நேரடித் தொலைபேசித் தொடர்பும், வண்டி புறப்பட்டதும் தகவல் பெறும் உரிமையும், மூடிய படலையைத் தாண்ட முயல்வோரைத் தடுக்கும் அதிகாரமும், இவற்றுக்கெல்லாம் மேலாக மாதச் சம்பளத்தோடு கூடிய நிரந்தர நியமனமும் கொடுக்கப்படவேண்டும். வவுனியாமுதல் ஆனையிறவுவரை உள்ள கடவைகளிலேயே இதைத் தொடங்கலாம்.